ஹைதரும் அலீயும்: குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

அரசின் பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுத ஒரேயொரு இடம்தான் உண்டு. தந்தையின் பெயருக்கு ஓர் இடம், தாயின் பெயருக்கு ஓர் இடம் என்று பெற்றோர் இருவருக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கிய அந்தப் பதிவேடு, அவ்விருவரும் விரும்பும் இரண்டு பெயர்களுக்கு மட்டும் இடம் தருவதில்லை. நம் குடும்பங்களில் எத்தனையோ மனத்தாங்கல்கள் அந்த ஒற்றை இடத்தில் தொடங்கியிருக்கின்றன.

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். மனைவி பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். முதற்குழந்தை ஆண். கணவருக்குத் தம் வாப்பாவின் பெயரை வைக்க ஆசை. தலைமகனுக்குப் பாட்டனார் பெயர் என்பது அவர் ஊரில் எழுதாத சட்டம். மனைவிக்கோ சென்ற ஆண்டு மறைந்த தம் தந்தையின் பெயரை வைக்க ஆசை. பிரசவம் பார்த்ததும் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதும் தாய்வீடு அல்லவா என்பது அவர் தரப்பு நியாயம். ஏழாம் நாள் வந்துவிட்டது. அகீகா ஆடு கொல்லையில் கட்டிக் கிடக்கிறது. பாங்கும் இகாமத்தும் சொல்ல வந்த ஆலிம், “என்ன பெயர்?” என்று கேட்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் தரையைப் பார்க்கிறார்கள்.

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படியொரு வீட்டை நேரில் கண்டிராதவர் நம்மில் குறைவு.

இந்தப் பிணக்கு நெய்வேலி போன்ற ஊரில் கூடுதலாகத் தலைதூக்குவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. அதன்பின் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வேலைதேடி மக்கள் வந்து குடியேறினர். வீதிக்குப் பழம்பெயர் இல்லை. வட்டத்துக்கு எண்தான் பெயர். “எந்த ஊர்?” என்று கேட்பதைப் போல, “எந்த வட்டம்?” என்று கேட்டுப் பழகிய ஊர் அது.

பழைய ஊர்களில் குழந்தைக்கு என்ன பெயர் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்தது. மூத்தவர்கள் இருந்தார்கள்; அவர்கள் சொன்னதே பெயர். கணவனும் மனைவியும் அதில் கருத்துச் சொல்லும் இடத்திலேயே இல்லை என்பதால் அவர்கள் சண்டையிட்டுக் கொள்ளவும் வழியில்லை. கம்பெனிக் குவார்ட்டர்ஸில் தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் அந்த முடிவு இருவர் தலையில் இறங்கியது. உரிமை கைக்கு வந்ததும் அதில் பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்தது. இதைக் குடும்பச் சீரழிவு என்று சில பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. முன்பு தாய்க்கு விருப்பம் இல்லாமல் இருந்ததில்லை. அதைக் கேட்பார்தாம் இல்லை.

தமிழ்மொழியே இதற்குச் சாட்சி. மகனின் மகனைப் பேரன் என்கிறோம். அது ‘பெயரன்’ என்ற சொல்லின் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பெயர்த்தி என்பதே பேத்தி ஆயிற்று. உறவின் பெயரே பெயரிடும் வழக்கிலிருந்து பிறந்திருக்கிறது என்றால் அவ்வழக்கு எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்க வேண்டும்! இஸ்லாத்தை ஏற்ற தமிழர்களும் இதைக் கைவிடவில்லை. முஹைதீனின் பேரன் முஹைதீன், மீரானின் பேரன் மீரான் என்று தலைமுறை விட்டுத் தலைமுறை பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. இதில் ஒரு சுவையான சிக்கலும் இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதைக்குறைவு என்று கருதிய காலம் அது. மாமனாரின் பெயரையே தன் பிள்ளைக்கு வைத்துவிட்டால் அவள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ஆகவே தனக்கென்று ஒரு செல்லப்பெயரை அவள் வைத்துக்கொண்டாள். பள்ளிவாசல் ஏட்டில் ஒரு பெயர், அடுப்படியில் ஒரு பெயர். ஊர் முழுதும் கடைசிவரை அழைத்தது பெரும்பாலும் அடுப்படிப் பெயரைத்தான்.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? கணவர் வீட்டார் வழக்கமாகச் சொல்லும் விடை, “பெயர் வைக்கும் உரிமை தந்தைக்கே” என்பது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஹிஜ்ரி 751-இல், அதாவது கி.பி. 1350-இல் டமாஸ்கஸில் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்), பிறந்த குழந்தை தொடர்பான சட்டங்களுக்கென்றே ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்ற நூலை எழுதினார். பெற்றோர் முரண்பட்டால் பெயரிடும் உரிமை தாய்க்கன்று, தந்தைக்கே என்று அதில் அவர் முடிவு கூறுகிறார். இதில் மக்களிடையே கருத்து வேறுபாடில்லை என்றும் குறிப்பிடுகிறார். பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரைச் சேர்த்தே அழைக்க வேண்டும் என்ற அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தை அவர் சான்றாக வைக்கிறார். பிள்ளை வமிசத்தில் தந்தையைப் பின்தொடர்கிறது. பெயரும் வமிசத்தை அடையாளப்படுத்துவதே. ஆகவே அதுவும் தந்தையைச் சாரும் என்பது அவர் வாதத்தின் கட்டுக்கோப்பு.

பெரும் அறிஞரின் கூற்றைத் தள்ள எனக்குத் தகுதியில்லை. ஆயினும் அவர் கூற்றின் எல்லையைக் கவனிக்க வேண்டும் என்பேன். அவர் பேசுவது பெற்றோர் ‘முரண்பட்டால்’ என்ன என்பதைப் பற்றி. எல்லாப் பேச்சும் முடிந்து, எவ்வழியும் இல்லாதபோது யார் சொல் நிற்கும் என்பதற்கான தீர்ப்பு அது. அதை முதல் நாளே, மகப்பேற்று அறையின் வாசலிலேயே எடுத்து வீசுவதற்கு அவர் எழுதவில்லை. அவ்வசனம் இறங்கிய சூழலும் நாம் அறிந்ததே. நபி (ஸல்) அவர்களிடம் வளர்ந்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்று அழைத்து வந்தனர். அவ்வசனம் வந்த பிறகு அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார். மாறியது தந்தையைக் குறிக்கும் பகுதி. ‘ஸைத்’ என்ற பெயரோ அப்படியே நின்றது.

இன்னொரு வசனமும் இங்கே நினைவுக்கு வருகிறது. பால்குடி மறக்கச் செய்வதுகூடக் கணவனும் மனைவியும் மனமொத்து, கலந்தாலோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் கூறுகிறது. இரண்டு வயதுக்குள் முடிந்துபோகும் தாய்ப்பாலுக்கே ஆலோசனை வேண்டும் என்றால், கப்ரில் அடங்கும்வரை கூடவே வரும் பெயருக்கு வேண்டாமா?

தாய் பெயரிட்டதற்குக் குர்ஆனிலேயே சான்று இருக்கிறது. இம்ரானின் மனைவி தம் வயிற்றிலுள்ளதை இறைப்பணிக்கு நேர்ந்துகொண்டார். பிறந்தது பெண். இக்குழந்தைக்கு நான் மர்யம் எனப் பெயரிட்டேன் என்று தம் இறைவனிடமே அவர் சொல்வதை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் பதிவு செய்கிறது. இம்ரான் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு. ஆகவே இது முரண்பாட்டுக்கு உதாரணம் ஆகாது. இருந்தாலும் குர்ஆனில் பெயரால் குறிப்பிடப்படும் ஒரே பெண்மணியின் பெயர் ஒரு தாய் வைத்த பெயர் என்பது சிறிய செய்தியன்று.

முரண்பாட்டுக்கே உதாரணம் வேண்டுமென்றால் மக்காவில் அபூதாலிபின் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவருடைய மனைவி ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி). ஓர் ஆண்மகவை ஈன்றெடுத்தபோது கணவர் ஊரில் இல்லை. அவர் காத்திருக்கவில்லை; தம் தந்தையின் பெயரான ‘அஸத்’ என்பதையே குழந்தைக்குச் சூட்டினார். அஸத் என்றால் சிங்கம். பிறகு அபூதாலிப் ஊர் திரும்பினார். குழந்தைக்கு ‘அலீ’ என்று பெயர் வைத்தார். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) இச்செய்தியைக் குறிப்பிடுகிறார். நம் பரங்கிப்பேட்டைப் பெண்ணின் ஆசைதானே இது? தாய்வழிப் பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் அதே ஆசை! தந்தை வைத்த பெயர் நிலைத்தது. உலகம் இன்றளவும் அவரை அலீ என்றே அறிகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, கி.பி. 628. கைபர் கோட்டை. மர்ஹப் என்ற புகழ்பெற்ற வீரன் வாளைச் சுழற்றியபடி, தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு களத்துக்கு வருகிறான். அவனை எதிர்கொள்ள அலீ (ரலி) முன்னே செல்கிறார்கள். அக்கால அரபு வழக்கப்படி வீரன் தன்னை இன்னார் என்று அறிவிக்க வேண்டும். தந்தையின் பெயரையும் குலப்பெருமையையும் சொல்வதுதான் முறை. அலீ (ரலி) அவர்களோ, தம் தாய் தமக்கு ‘ஹைதரா’ எனப் பெயரிட்டதைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸில், ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம்பெற்றிருக்கிறது. ஹைதரா என்பதும் சிங்கத்தின் பெயரே. சிங்கமொன்று தன்னைக் கொல்வதாக மர்ஹப் முன்பு கனவு கண்டிருந்தான், அதை நினைவூட்டவே அலீ (ரலி) அப்பெயரைச் சொன்னார்கள் என்றும் விளக்கம் கூறுவர். காரணம் எதுவாயினும், ஏறத்தாழ முப்பது வயதுள்ள ஒரு வீரர், உயிர் போகும் களத்தில், வாப்பா மாற்றிவிட்ட உம்மாவின் பெயரை எடுத்து நெஞ்சில் அணிந்துகொண்டார்கள். வீட்டில் அந்தப் பெயர் அழியாமல் இருந்திருக்கிறது.

அவர்களுக்கு மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு; அது ஒரு குடும்பப் பிணக்கின் நாளில் கிடைத்தது. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் தம் மகளார் ஃபாத்திமா (ரலி) வீட்டுக்கு வந்தபோது மருமகன் இல்லை. தமக்குள் ஏதோ மனவருத்தம், அவர் வெளியே போய்விட்டார் என்றார் மகளார். பள்ளிவாசலில் படுத்திருந்த அலீ (ரலி) அவர்களின் முதுகில் மண் ஒட்டியிருந்தது. நபி (ஸல்) அவர்கள் அந்த மண்ணைத் தட்டிவிட்டபடியே ‘அபூதுராப்’, மண்ணின் தந்தையே, என்று அழைத்து எழுப்பினார்கள். தம் பெயர்களிலேயே அலீ (ரலி) அவர்களுக்கு மிகப் பிரியமானது அதுதான் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. தந்தை தந்த பெயர், தாய் தந்த பெயர், மாமனார் தந்த பெயர் என்று மூன்றையும் ஒரே மனிதர் மகிழ்ச்சியோடு சுமந்தார்கள்.

அதே அலீ (ரலி) தந்தையானபோது என்ன நடந்தது? மூத்த மகனுக்கு ‘ஹர்ப்’ என்று அவர்கள் பெயர் வைத்ததாகவும், போர் என்ற பொருள்தரும் அப்பெயரை நபி (ஸல்) அவர்கள் ‘ஹஸன்’ என மாற்றியதாகவும், இரண்டாவது மகனிடமும் இதுவே நிகழ்ந்து ‘ஹுஸைன்’ ஆனதாகவும் முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரின் வலிமை குறித்து ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சு உண்டு என்பதால் அதன்மீது சட்டம் கட்ட நான் முனையவில்லை. ஆயினும் குழந்தைகளின் தாய்வழிப் பாட்டனாரின் சொல்லுக்குத் தந்தை விட்டுக்கொடுத்த காட்சியாக நம் சமுதாயம் அதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

விட்டுக்கொடுக்காத ஒருவரின் செய்தியும் உண்டு. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) என்ற மதீனாவின் மாபெரும் தாபியீயின் பாட்டனார் பெயர் ஹஸ்ன். கரடுமுரடு என்பது பொருள். நபி (ஸல்) அவர்கள் அதை எளிமை என்ற பொருள்தரும் ‘ஸஹ்ல்’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் வற்புறுத்தவில்லை. அந்தக் கரடுமுரடு அதன்பின் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவேயில்லை என்று பேரர் ஸயீத் (ரஹ்) பிற்காலத்தில் குறைப்பட்டுக் கொண்டதை புகாரீ பதிவு செய்திருக்கிறது. பெயர் விஷயத்தில் பிடிவாதம் பிடிப்போர் ஒருமுறை படிக்க வேண்டிய ஹதீஸ் இது.

மதீனாவிலிருந்து நம் கடற்கரைக்கு வருவோம். நெய்வேலிக்குக் கிழக்கே, அதே கடலூர் மாவட்டத்தில், அந்த மனைவியின் ஊர் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று அங்கே ஆங்கிலேயரோடு பெரும்போர் புரிந்தவரின் பெயர் ஹைதர் அலீ. போரில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. அது வேறு கதை. அவர் பெயரைச் சற்று நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள். ‘ஹைதர்’ தாய் வைத்த பெயர். ‘அலீ’ தந்தை வைத்த பெயர். மக்காவின் ஒரு வீட்டில் ஒன்றையொன்று தள்ளிவிட்ட இரண்டு பெயர்களும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக, சண்டையின்றி நிற்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனை ஹைதர் அலீகள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள்! தம் பெயருக்குள் ஒரு தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான சமாதானம் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்த ஹைதர் அலீ தம் மகனுக்குப் பெயர் வைத்த முறையும் இத்தகையதே. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாகத் ‘திப்பு’ என்றும், தந்தைவழிப் பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மதின் நினைவாக ‘ஃபத்ஹ் அலீ’ என்றும் மகனுக்கு இரு பெயர்கள் அமைந்தன. பிள்ளை வேண்டிப் பெற்றோர் அங்கே சென்றதாகச் சொல்லப்படும் வழக்கம் சரியா தவறா என்ற விவாதத்தில் நான் இப்போது இறங்கப் போவதில்லை. பாட்டனாருக்கும் இடம் கொடுத்து, பெற்றோரின் நேர்ச்சைக்கும் இடம் கொடுத்த அந்த ஏற்பாட்டைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். குலப்பெயரான ஃபத்ஹ் அலீ ஏடுகளில் இருக்கிறது. நேர்ச்சைப் பெயரான திப்பு மக்கள் நாவில் இருக்கிறது.

இரண்டு பெயர்களுக்கு இப்படி இடம் கொடுத்த வாழ்க்கையைச் சுருக்கியது காகிதம்தான். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899-இல் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு வழிவிடுகிறது. தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். முன்பெல்லாம் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போனது, ஆசிரியர் கேட்டபோது சொன்ன பெயரே பெயராயிற்று. இன்று அது நடவாது. 2023-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அந்நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எனப் பலவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவும் சான்று பிறப்புச் சான்றிதழே. (பெயரில் ஒத்துப்போன பெற்றோரும் எழுத்தில் மாட்டிக்கொள்வது தனித் துயரம். அப்துல் காதர், அப்துல் காதிர், அப்துல்காதர் என்று மூன்று ஆவணங்களில் மூன்றாக நின்று அலைபவர்களை எல்லோரும் அறிவோம்.)

அந்த வெற்றிடம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதியர் தம் மகளுக்குப் பெயரில் ஒத்துப்போகாததால், 2020-இல் பிறந்த அக்குழந்தை பெயரில்லாத சான்றிதழோடு பள்ளி வயதை எட்டியது. பள்ளியோ பெயரில்லாத சான்றிதழை ஏற்கவில்லை. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2023-இல் நீதிபதி பெச்சு குரியன் தாமஸ், பெற்றோரின் சண்டை தீரும்வரை குழந்தை பெயரின்றிக் காத்திருக்க முடியாது என்று கருதி, காப்பாளர் நிலையில் நீதிமன்றமே பெயரைத் தேர்ந்தெடுக்கும் அரிய அதிகாரத்தைக் கையிலெடுத்தார். குழந்தை யாரிடம் வளர்கிறதோ அந்தத் தாய் விரும்பிய பெயர் முதலில் வந்தது. அதோடு தந்தையின் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், மைசூரு மாவட்டத்து ஹுன்சூரிலும் இப்படியொரு செய்தி. மூன்றாண்டுகளாகப் பெயருக்காகப் பிரிந்திருந்த கணவன் மனைவிக்கு நீதிமன்றம் மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்ல, அதை ஏற்று இருவரும் மாலை மாற்றிக்கொண்டு சேர்ந்து வீடு திரும்பினர்.

இவ்விரு குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்கள் அல்ல. வழக்குகளும் மார்க்கச் சட்டத்தின்படி தீர்க்கப்பட்டவை அல்ல. ஆனாலும் கேரளத் தீர்ப்பைப் படித்தபோது இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் வாதம்தான் என் நினைவில் வந்தது. வமிசம் தந்தையைச் சாரும் என்பதே அவர் சொன்னதன் அடித்தளம். அந்த அடித்தளத்தை நீதிமன்றமும் அசைக்கவில்லை. தந்தையின் பெயரைக் கூடவே வைத்துவிட்டது. குழந்தையை அழைக்கும் பெயரை மட்டும் தாயின் பக்கம் விட்டது.

நமக்கோ இதற்கு நீதிமன்றம் தேவையில்லை, ஏனெனில் தமிழ்நாட்டில் முன்னெழுத்து என்ற ஏற்பாடு இருக்கிறது. வட இந்தியரைப் போல நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரின் முதலெழுத்து நிற்கும். ‘இன்னாரின் மகன்’ என்று அரபியில் ‘இப்னு’ செய்யும் வேலையை இங்கே ஒற்றை எழுத்து செய்கிறது. பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கம்பெனி அடையாள அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வாப்பா அந்த எழுத்தாக மகனுக்கு முன்னே நடந்து போகிறார். தந்தையைச் சேர்த்து அழையுங்கள் என்ற கட்டளை அங்கே நிறைவேறிவிடுகிறது. எழுத்துக்குப் பின்னால் வரும் பெயரிலும் தமக்கே முழு உரிமை என்று தந்தை கேட்பது சட்டப்படி செல்லக்கூடும். அலீ (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்தவருக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். அதேபோல, பிரசவம் பார்த்த வீடு என்பதால் கணவர் வீட்டாரைக் கேட்காமலே மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிட்டு, பிறகு தகவல் சொல்லும் தாய்வீட்டாரும் இருக்கிறார்கள். அதையும் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) கணவர் ஊரில் இல்லாதபோது பெயரிட்டார். அவர் திரும்பி வந்து வேறு பெயர் வைத்தபோது வீட்டை இரண்டாக்கவில்லை.

நெய்வேலி வீட்டில் ஆலிம் இன்னும் காத்திருக்கிறார். ஏழாம் நாள் தவறினால் பதினான்காம் நாள், அதுவும் தவறினால் இருபத்தொன்றாம் நாள் என்று கூறிய அறிஞர்கள் உண்டு. அரசு கொடுத்திருப்பதோ பன்னிரண்டு மாதம். உள்ளறையில் தொட்டிலை ஆட்டும் பாட்டி ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லித்தான் குழந்தையைக் கொஞ்சிக் கொண்டிருக்கிறார்; அது இரு தரப்பும் சொன்ன பெயரல்ல. கணவர் இரவு ஷிப்டுக்குப் புறப்பட இன்னும் நேரமிருக்கிறது. வெளித்திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசிவிட்டு வரலாம்.